அன்னை மீனாம்பாள் சிவராஜ்: வாழ்வும் தொண்டும்

நம் சமுதாயத்தின் எழுச்சியைப் பற்றிப் பேசுங்கால் ஆடவர் பெயர்களே நம் நாவில் முந்தி வருகின்றன. பண்டிதர் அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா, என். சிவராஜ் என அடுக்கிக்கொண்டே போகிறோம். அவ்வரிசையில் ஒரு பெண்மணியின் பெயர் சேருமானால் அது அன்னை மீனாம்பாள் சிவராஜ் அவர்களுடையதே. அப்பொழுதும் சிவராஜ் அவர்களின் துணைவியார் என்னும் ஒரே சொல்லோடு முடித்துவிடுகிறோம். அது அம்மையாருக்கு நாம் செய்யும் நீதியாகாது. ஆகவே இவ்வெள்ளிவிழா மலரில் அவர்தம் வரலாற்றைச் சிறிது விரிவாகவே கூற விழைகிறேன்.

அம்மையார் 1904 டிசம்பர் 26ஆம் நாள் பர்மாவின் தலைநகராய் விளங்கிய இரங்கூனில் பிறந்தார். அந்நாளில் நம் பக்கத்து ஏழை மக்கள் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குச் சென்று தேயிலைத் தோட்டங்களில் வாடியதைப் போல, வடமாவட்டத்து மக்கள் சென்னையில் கப்பலேறி இரங்கூனுக்குச் சென்றனர். சென்றவர்களில் பெரும்பாலோர் கூலிகளாகவே வாழ்ந்து மடிந்தனர். அவர்களிடையே வணிகத்தால் உயர்ந்து பெருஞ்செல்வரானவர் பி. எம். மதுரைப் பிள்ளை. அவருடைய மகள் வயிற்றுப் பேத்தியே நம் அம்மையார். மதுரைப் பிள்ளை ஈட்டிய பொருளைப் பூட்டி வைத்தவரல்லர். கடல் கடந்து வந்த புலவர்களை எல்லாம் ஆதரித்தார். அவர்கள் அவர்மீது பாடிய பாடல்கள் மதுரைப் பிரபந்தம் என்னும் பெருநூலாகவே தொகுக்கப்பட்டன. தீண்டத்தகாதவர் என்று ஊர்ப்புறத்தே ஒதுக்கப்பட்ட குலத்தில் தோன்றிய ஒருவரைப் புலவர்கள் வரிசையில் நின்று பாடினார்கள் என்பதை நம் இளைஞர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அம்மையாரின் தந்தையார் வி. ஜி. வாசுதேவப் பிள்ளையும் பொதுவாழ்வில் ஈடுபட்டுச் சென்னை நகரசபையில் நம் மக்களுக்காகப் பேசியவர்.

செல்வர் வீட்டில் பிறந்தவர் தொண்டு செய்வது என்ன அருமை என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கத்தக்க கேள்விதான். பொருள் இருந்தமையால் அம்மையார் பசியை அறியவில்லை. இரங்கூனில் கல்லூரி வரை படிக்க முடிந்தது. தமிழோடு ஆங்கிலம், தெலுங்கு, இந்தி ஆகிய மொழிகளும் கைவந்தன. ஆனால் சாதியின் கொடுமைக்குப் பணக்காரர், ஏழை என்ற பேதம் தெரியாது. திருவாங்கூரில் கோயில் கதவு நமக்குத் திறந்தது 1936 நவம்பரில். மதுரை மீனாட்சி கோயிலில் 1939 சூலையில். அதற்கு முன்னர் எத்துணைப் பொன் கையிலிருந்தாலும் வாசலுக்கு வெளியேதான் நின்றாக வேண்டும். மேலும், அக்காலத்தில் பணமும் படிப்பும் பெற்ற சிலர் தம் பிறப்பை மறைத்து ஒதுங்கி வாழ்ந்ததையும் நாம் அறிவோம். இக்காலத்திலும் அத்தகையோர் இல்லாமற் போய்விடவில்லை. அம்மையாருக்கு அவ்வழி திறந்தே இருந்தது. அவர் அதன்வழிச் செல்லவில்லை என்பதே என் மதிப்பில் அவருடைய முதல் தொண்டு.

இளமையிலேயே சென்னைக்கு வந்து, வழக்கறிஞரும் சட்டக் கல்லூரிப் பேராசிரியருமான சிவராஜ் அவர்களை மணந்தார். இல்லறம் அவரை வீட்டுக்குள் அடைக்கவில்லை. 1928இல் சைமன் குழு வந்தபோது நாடெங்கும் பகிஷ்காரம் நடைபெற்றது. நம் தலைவர்கள் பலர் வேறு விதமாக எண்ணினர். எந்தச் சபையிலும் குரலில்லாத மக்களுக்கு, குறைகேட்க வந்தவர் யாராயினும் அவர்முன் குறையைச் சொல்லியாக வேண்டியிருந்தது. அக்குழுவை ஆதரித்துப் பேசியதே அம்மையாரின் முதல் மேடைப் பேச்சு. வயது இருபத்து மூன்று. காற்று ஒருபுறமாக வீசும்போது எதிர்த்து நின்று பேச வேண்டுமானால் நெஞ்சுரம் வேண்டும்.

நம் பகுதிக்கும் அம்மையாருக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. 1937 சனவரியில் திருநெல்வேலி ஜில்லா ஆதிதிராவிடர் மாநாடு அவர் தலைமையில் நடைபெற்றது. அன்று தூத்துக்குடியும் திருச்செந்தூரும் நம் ஆத்தூரும் அந்த ஜில்லாவைச் சேர்ந்தவையே. தூத்துக்குடியைத் தலைநகராகக் கொண்டு சிதம்பரனார் மாவட்டம் பிரிந்தது 1986இல்தான். மாநாடு நடந்த வேளையும் முக்கியமானது. அடுத்த மாதம் சட்டசபைத் தேர்தல். பூனா ஒப்பந்தத்தின் பயனாகச் சென்னை மாகாணத்தின் 215 இடங்களில் 30 இடங்கள் முதன்முறையாக நமக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. ஆனால் சொத்து, வரி, எழுத்தறிவு ஆகியவற்றைக் கொண்டே வாக்குரிமை வழங்கப்பட்டமையால், கொடிக்காலில் வெற்றிலை கிள்ளியவர்களும் உப்பளத்தில் கால் புண்ணாக உழைத்தவர்களும் வாக்குச்சாவடிப் பக்கம் செல்ல இயலவில்லை. அத்தகைய காலத்தில் நம் குலத்துப் பெண் ஒருவர் மாநாட்டுத் தலைமை நாற்காலியில் அமர்ந்தார். சென்னையிலிருந்து இரவெல்லாம் இரயிலில் வந்து அமர வேண்டிய நாற்காலி அது!

மறு ஆண்டில், 1938 நவம்பர் 13ஆம் நாள், சென்னை ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. கட்டாய இந்தியை எதிர்த்து எழுந்த காலம். மறைமலையடிகளாரின் மகளார் நீலாம்பிகை அம்மையார் தலைமை வகித்தார். கொடி உயர்த்தியவர் மீனாம்பாள் அம்மையார். ஈ. வெ. இராமசாமி அவர்களைப் பெரியார் என்றே அழைக்க வேண்டும் எனத் தீர்மானித்தது அம்மாநாடே. நாடே வழங்கும் அப்பெயரைத் தந்த அரங்கில் நம் வீட்டுப் பெண்மணி ஒருவர் முன்னின்றார் என்பது சிறிய செய்தியன்று.

1942இல் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் தாழ்த்தப்பட்டோர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். அதன் தலைவர் பொறுப்பு சிவராஜ் அவர்களைச் சேர்ந்தது. அதன் மகளிர் பணியில் அம்மையார் முன்னணியில் நின்றார். 1945 மே மாதம் பம்பாயில் நடைபெற்ற சம்மேளன மகளிர் மாநாட்டிற்கும் தலைமை தாங்கினார். அம்பேத்கர் அவரைத் தம் உடன்பிறந்த தங்கையாகவே கருதி அன்பு பாராட்டினார். அவ்வாண்டிலேயே சிவராஜ் சென்னை மேயரானார். இயக்கத்தார் ஓயாது வந்து போகும் இல்லம் அது. வந்தவரை உபசரிப்பதும், மக்களை வளர்ப்பதும், மாலையில் கூட்டத்திற்குப் புறப்படுவதும் ஒரே பெண்மணியின் கடமைகள். மேடையில் கணவருக்குக் கிடைத்த கைத்தட்டலில் ஒரு பங்கு அந்த அடுக்களைக்கும் உரியது என்பேன்.

மாநாடுகளைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அம்மையார் அமர்ந்த குழுக்களின் வேலையே. சென்னை நகரசபையில் பணியாற்றினார். கௌரவ மாஜிஸ்திரேட்டாக இருந்தார், சம்பளமில்லாத பதவி, நகரத்து எளிய மக்களின் சிறு குற்ற வழக்குகளே பெரும்பாலும் அங்கு வரும். சென்னைப் பல்கலைக் கழகத்தின் செனட்டிலும் திரைப்படத் தணிக்கைக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார். இவற்றில் மாலையும் இல்லை, கோஷமும் இல்லை. கட்டுக்கட்டாகக் காகிதங்களைப் படிக்க வேண்டும். உரிய நேரத்தில் ஒரு சொல் சொல்ல வேண்டும். எத்துணையோ நன்மைகள் அறைக்குள்ளே முடிவாகின்றன, தீமைகளும் அப்படியே. அவ்வறைக்குள் நம்மவர் ஒருவர் இருப்பதன் அருமை, ஒரு சான்றிதழுக்காக நாள் முழுதும் அலுவலக வாசலில் காத்து நின்றவர்க்குத்தான் விளங்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டும் போதெல்லாம், முந்தைய தலைமுறையில் நம் பெண் பிள்ளைகளின் பெயர்கள் ஐந்தாம் வகுப்போடும் எட்டாம் வகுப்போடும் நின்றுபோனதைக் கண்டு வருந்துகிறேன். அம்மையாரைப் போலப் படிக்க வைத்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் அத்தகைய அறைகளுக்குள் சென்றிருப்பார்களோ!

1956 டிசம்பரில் அம்பேத்கர் மறைந்தார். மறு ஆண்டு உருவான இந்தியக் குடியரசுக் கட்சியின் முதல் தலைவராகச் சிவராஜ் பொறுப்பேற்றார். 1964 செப்டம்பர் 29ஆம் நாள், தம் பிறந்தநாளன்றே, அவரும் காலமானார். அதன்பின் அம்மையார் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். தாத்தா, தந்தை, கணவர் என மூன்று தலைமுறைத் தலைவர்களையும் கண்டு, அவர்கள் காலத்திற்குப் பின்னும் குடும்பத்தின் மூத்த தாயாய், இயக்கத்தாரின் அன்னையாய் விளங்கினார். 1990இல் அம்பேத்கருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டபோது அம்மையாருக்கு வயது எண்பத்தைந்து. பம்பாய் மாநாட்டு மேடையேறி நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. 1992 நவம்பர் 30ஆம் நாள், எண்பத்தெட்டாம் வயது நிறைவதற்கு ஒரு மாதமே இருக்கையில், அம்மையார் இயற்கை எய்தினார்.