ரோட்டில் ஆணி பொறுக்கிய டி.வி.எஸ் முதலாளி... உங்க கார் எத்தனை வருஷம் ஓடும்?

டி.வி.எஸ்-னு சொன்னதும் எது ஞாபகத்துக்கு வருது? தாத்தாவோட எக்ஸ்.எல், அக்காவோட ஸ்கூட்டி, பக்கத்து வீட்டுப் பையனோட அப்பாச்சி... ஆனால், அந்த மூணு எழுத்துக்குச் சொந்தக்காரரான டி.வி.சுந்தரம் ஐயங்கார் இந்த வண்டிகளில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. டி.வி.எஸ் 50 மொபெட் ரோட்டுக்கு வந்தது 1980-ல். அவர் இறந்தது 1955-ல்.

அவர் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியது டூவீலரோட இல்ல. பெரிய காசு போட்டு வாங்கின ஒரு வண்டியை எவ்வளவு காலம் ரோட்டில் நிறுத்திவைக்க முடியும் என்ற கேள்வியோட. இன்னிக்கு லோன் போட்டு கார் எடுக்கிற ஒவ்வொருத்தருக்கும் இருக்கிற அதே கேள்விதான்.

1877 மார்ச் 22. திருநெல்வேலிச் சீமையில், மலையடிவாரத்தில் இருக்கும் திருக்குறுங்குடியில் பிறந்தார். பெயரில் உள்ள `டி' அந்த ஊர்தான். `வி' என்பது வேங்கராம். வீட்டு ஆசைப்படி சட்டம், பிறகு ரயில்வே வேலை, அப்புறம் வங்கி வேலை என்று நல்ல பாதுகாப்பான பாதையில்தான் போய்க்கிட்டிருந்தார். அதையெல்லாம் விட்டுட்டு 1911-ல் கம்பெனி ஆரம்பித்தார். 1912-ல் பஸ் விட்டார். அப்போ அவருக்கு வயசு 35. மாசச் சம்பளத்தை விட்டுட்டு `ஸ்டார்ட்-அப்' போன ஆள் என்று இன்றைக்கு பாஷையில் சொல்லிக்கலாம்.

ரிஸ்க் எவ்வளவு பெருசுன்னு புரிய அந்தக் காலத்தைக் கொஞ்சம் யோசிக்கணும். அப்போ இந்தியாவில் மோட்டார் வண்டி தயாரிக்கும் கம்பெனியே கிடையாது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் வந்ததே 1942-ல். 1912-ல் வண்டியும் கப்பலில்தான் வரணும், அதுக்கான போல்ட் நட்டும் கப்பலில்தான் வரணும். ஒரு கியர் பல்லு உடைஞ்சா, மாற்று பாகம் வரும்வரை பஸ் ஷெட்டில் நிற்கும். நின்ற பஸ்ஸுக்கு டிக்கெட் யாரும் எடுக்க மாட்டாங்க.

அடுத்த வில்லன், ரோடு. தார் ரோடெல்லாம் அபூர்வம். சரளையும் செம்மண்ணும்தான். அதே ரோட்டில் மாட்டுவண்டி, குதிரைவண்டி. மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் அடிப்பாங்க. லாடம் தேய்ஞ்சதும் ஆணி கழன்று ரோட்டில் விழும். பின்னாடி வரும் பஸ் டயரில் ஏறும். பஞ்சர்!

இந்த இடத்தில்தான் மதுரைப் பக்கம் ரொம்பப் பிரபலமான அந்தக் கதை வருது. முன்பக்கம் பெரிய காந்தம் கட்டிய வண்டியை பஸ் போகும் ரூட்டில் ஓட விட்டு, கிடந்த ஆணிகளையெல்லாம் பொறுக்க வைத்தாராம் சுந்தரம் ஐயங்கார். டி.வி.எஸ் பஸ் வர்ற நேரத்தைப் பார்த்து ஊர்க்காரங்க கடிகாரத்தைச் சரி பண்ணிக்கிட்டாங்க என்று இன்னொரு கதையும் சொல்வாங்க. அது கொஞ்சம் கூடுதலாகவே சொல்லப்பட்டிருக்கலாம். ஆனா ரெண்டு கதையும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தப்பட்டது: ஆணி இல்லாத ரோட்டில்தான் பஸ் நேரத்துக்கு வரும்.

எனக்கு இந்தக் காந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஏன்னா, கார் ஆயுள் பற்றிப் பேசினாலே நாம் எந்த பிராண்டு, எந்த இன்ஜின், எவ்வளவு மைலேஜ் என்றுதான் பேசுவோம். ரோட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒரே நாளில் ஒரே ஷோரூமிலிருந்து வெளியே வந்த ரெண்டு கார்களில், ஒண்ணு தினமும் நாலுவழிச் சாலையில் ஒரே சீரா ஓடுது. இன்னொண்ணு குண்டும் குழியுமான தெருவில், பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கரில் தூக்கித் தூக்கிப் போடுது. அஞ்சு வருஷம் கழித்து ரெண்டையும் லிஃப்ட்டில் ஏத்தி அடியில் பார்த்தா, ஷாக் அப்சார்பர், புஷ், பால் ஜாயின்ட் எல்லாமே வேற வேற வயசில் இருக்கும்.

இதே மனுஷர் மதுரையில் இல்லாம கடப்பாக்கத்தில் பஸ் கம்பெனி போட்டிருந்தா, காந்தம் மட்டும் போதாது. ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் தாண்டி, புதுச்சேரி போற வழியில் இருக்கிற ஊர். ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்க வாரக் கடைசியில் இந்த ரோட்டைத்தான் பிடிப்போம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பங்கழி. செல்ஃபிக்கு சூப்பர். காருக்கு அவ்வளவு சூப்பர் இல்லை.

இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் போதும். அந்த ஈரத்தில் உப்பு கலந்துட்டா வேகம் பல மடங்காகும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நல்லாக் கடத்தும், துருப்பிடிப்பதும் அடிப்படையில் ஒரு மின்வேதி வேலை. கடற்கரை ஊரில் காரைத் தண்ணியிலேயே இறக்க வேண்டாம், காற்றே உப்பைக் கொண்டுவந்து சேர்த்துடும். அது போய் உட்காரும் இடங்களை நாம பார்ப்பதே இல்லை. வீல் ஆர்ச்சின் உள்பக்கம், கதவின் அடி விளிம்பு, சைலன்ஸர் மாட்டியிருக்கும் கிளாம்ப், பிரேக் பைப். மேலே பெயின்ட் பளபளன்னு இருக்கும்போதே கீழே வேலை நடந்துக்கிட்டிருக்கும். கதவுக்கு அடியில் மழைத்தண்ணி வெளியேற சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மண் அடைச்சா தண்ணி உள்ளேயே தேங்கி, கதவு உள்ளிருந்து வெளியே துருப்பிடிச்சு வரும்.

கடற்கரைக்குப் போயிட்டு வந்தா காரின் அடிப்பகுதியை நல்ல தண்ணியில் பீய்ச்சி அடிக்கச் சொல்வது இதனால்தான். நல்ல தண்ணி என்பதை அழுத்திச் சொல்றேன். உப்புக் கரிக்கும் போர் தண்ணியில் கழுவினா, போன உப்பைத் திரும்பக் கொண்டுவந்து தடவின மாதிரி. ஈரத்தோட பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவது இன்னும் மோசம். பீச் ஹவுஸில் மாசக்கணக்கில் நிறுத்திவைக்கிற காருக்கும் இதே கதிதான். ஓடாத கார் புதுசாவே இருக்கும்னு நினைக்கிறோம். பேட்டரி இறங்கும், டயர் ஒரே இடத்தில் அமுங்கும், எலி வயரைக் கடிக்கும். கிட்டத்தில் இருக்கும் கடைக்கு மட்டும் எடுத்துட்டுப் போனாலும் சிக்கல். இன்ஜின் முழுசாச் சூடேறாததால் ஆயிலில் சேர்ற ஈரம் ஆவியாகாம அங்கேயே தங்கிடும்.

மதுரைக்குத் திரும்புவோம். சுந்தரம் ஐயங்காருக்கு உண்மையான பரீட்சை வந்தது இரண்டாம் உலகப்போரில். பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. 1942-ல் மலாயாவை ஜப்பான் பிடிச்சதும் ரப்பரும் போச்சு. பஸ் முதலாளிக்கு இது கழுத்தில் கத்தி. வண்டிகளை ஓரங்கட்டிட்டுப் போர் முடியட்டும்னு உட்கார்ந்திருக்கலாம். அவர் செஞ்சது வேற.

பெட்ரோலுக்குப் பதிலா கரி. டி.வி.எஸ் கேஸ் பிளான்ட் என்ற பெயரில் சொந்தமாவே ஒரு கருவியை வடிவமைத்துத் தயாரித்தார். நம்ம கொள்ளுத்தாத்தாக்கள் `கரி பஸ்' என்று சொன்னது இந்த மாதிரி வண்டிகளைத்தான். பஸ்ஸோட டிரம் மாதிரி ஓர் அடுப்பு இருக்கும். கரியைக் கொஞ்சமான காற்றில் எரித்தா கார்பன் மோனாக்ஸைடு கலந்த வாயு வரும். அதுதான் எரிபொருள். கிளம்புறதுக்கு முன்னாடி கிளீனர் காற்றாடியைச் சுத்திச் சுத்திக் கங்கை ஊதணும். மேட்டில் பஸ் திணறும், ஏன்னா பெட்ரோல் தரும் சக்தியை இந்த வாயு தராது.

இன்ஜின் ஆயுளுக்கு இதில் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. சாம்பலும் தார்ப்பிசினும் வடிகட்டப்படாம உள்ளே போனா, சிலிண்டரின் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் அரம் மாதிரி ராவிடும். அதனால் கரி பஸ்ஸின் வெற்றி அடுப்பில் இல்லை, வடிகட்டியில் இருந்தது. இன்னிக்கு உங்க கார் பானெட்டுக்குள்ள இருக்கும் ஏர் ஃபில்டரும் அதே வேலையைத்தான் செய்யுது. ரோட்டுப் புழுதியில் இருக்கும் மணல் துகள், சாம்பலுக்குக் கொஞ்சமும் சளைச்சதில்லை. சில நூறு ரூபாய் ஃபில்டரை மாற்றச் சோம்பேறித்தனப்பட்டு இன்ஜினைத் தேய்க்கிறவங்க நம்மில் எத்தனை பேர்!

ரப்பர் பிரச்னைக்கும் அவரிடம் பதில் இருந்தது. டயர் ரீட்ரெடிங் தொழிற்சாலை. நம்ம டிரைவர் அண்ணன்கள் டயரில் `பட்டன்' போச்சு என்பாங்களே, அந்தத் தேய்ந்த மேல் அடுக்கைச் சுரண்டி எடுத்துட்டு, உடம்பு நல்லா இருக்கும் டயருக்குச் சூட்டில் புது ரப்பர் ஒட்டுவது. லாரி, பஸ்ஸுக்கு இன்னிக்கும் இது நடக்குது. நம்ம காருக்கு வேண்டாம். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனா புது டயர் போட்டுடுங்க, சட்டமும் அதைத்தான் சொல்லுது.

இதுக்கு நடுவில் ஒரு வீட்டு விஷயம். கார் கட்டுரையில் எதுக்குன்னு கேட்கலாம், ஆனா சொல்லாம விட மனசு வரலை. அவர் மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். விதவைப் பெண்ணை மூலையில் உட்கார வைத்த காலத்தில், அவர் டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தார். பிறகு ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்ய முடிவெடுத்தபோது முதலில் குடும்பத்துக்கு அதில் விருப்பமில்லை. ஆனாலும், 1940-ல் காந்தி முன்னிலையில் அந்தத் திருமணம் நடந்தது. சின்னாளப்பட்டி பக்கம் இருக்கிற காந்திகிராமத்தை 1947-ல் இந்தத் தம்பதிதான் தொடங்கினாங்க. ரோட்டை மாற்றத் தயங்காத அப்பா, வழக்கத்தை மாற்றக் கொஞ்சம் தயங்கியிருக்கார்.

வண்டி விற்பனை, சர்வீஸ், உதிரிபாகம் என்று தொழில் விரிந்தது. மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் ரெண்டும் அப்படி வந்தவை. 1950-களில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் மிகப்பெரிய விநியோகஸ்தர் சுந்தரம் மோட்டார்ஸ்தான். சுவாரஸ்யம் என்னன்னா, அவருக்குப் பின் வந்த தலைமுறையின் சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ், 1990-களில் அதே ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செஞ்சு அனுப்ப ஆரம்பித்தது.

ரேடியேட்டர் மூடிதானே என்று நினைக்காதீங்க. அது வெறும் மூடி இல்லை, உள்ளே அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கும் வால்வு. அழுத்தம் இருந்தாத்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம இருக்கும். மூடியின் ரப்பர் வளையம் செத்துப்போனா கூலன்ட் கொதிச்சு வெளியேறும், இன்ஜின் ஓவர்ஹீட் ஆகும், ஹெட் கேஸ்கட் போகும், அப்புறம் மெக்கானிக் சொல்ற தொகையைக் கேட்டு நமக்கு ஓவர்ஹீட் ஆகும். கூலன்ட்டுக்குப் பதிலா குழாய்த் தண்ணி ஊத்துறதும் இதே வரிசைதான், உள்ளே உப்புப் படிஞ்சு துரு ஏறும். சூடா இருக்கும்போது மட்டும் மூடியைத் திறந்துடாதீங்க, முகம் வெந்துடும்.

நம்ம ஊரில் சொந்த காருக்கு ஆர்.சி 15 வருஷத்துக்குச் செல்லும். அதுக்கப்புறம் ஆர்.டி.ஓ-வில் வண்டியைக் காட்டித் தகுதிச் சான்று வாங்கினா, 5 வருஷத்துக்குப் புதுப்பிப்பாங்க. 15 வருஷம்தான் காரின் ஆயுள் என்று நிறைய பேர் நினைச்சுக்கிட்டு அதுக்கு முன்னாடியே தள்ளிவிடுறாங்க. நேரத்துக்கு ஆயில் மாற்றின, அடியில் துரு ஏறாத, பாகம் கிடைக்கிற காருக்கு அது ஒரு பேப்பர் கணக்கு மட்டுமே.

1955 ஏப்ரல் 28-ல் சுந்தரம் ஐயங்கார் மறைந்தபோது, சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் ஏகப்பட்ட பஸ்களும் லாரிகளும் ஓடிக்கிட்டிருந்தன. 1970-களின் தொடக்கத்தில் தமிழக அரசு பஸ்களை அரசுடைமையாக்க, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. ஓடிக்கிட்டிருந்த டி.வி.எஸ் பஸ்கள் அப்படியே அரசு கைக்குப் போச்சு. பெயர்ப்பலகை மாறி அரை நூற்றாண்டு ஆகியும், மதுரையில் வயசானவங்க சிலர் பழைய ரூட்டைப் பற்றிப் பேசும்போது டி.வி.எஸ் பஸ் என்றுதான் ஆரம்பிக்கிறாங்க.