கதவைத் திறந்ததும் கண்ட உண்மை: லார்டு ரதர்போர்டு

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் லாரிப் புழுதிக்கும் ஆலைப் புகைக்கும் அஞ்சி ஜன்னலைச் சாத்தி வாழும் குடும்பங்கள் பல. சாத்திய அறைக்குள் நிறமும் மணமும் இல்லாத வேறொரு வாயு தங்கக்கூடும் என்பதைப் பலர் அறியார். ரேடான் என்னும் அவ்வாயுவின் இனத்தை உலகம் அறிய வழி திறந்தவர் எர்னஸ்ட் ரதர்போர்டு. அவருடைய சரித்திரத்தில் நமக்கும் ஒரு பாடம் உண்டு.

நியூஸிலாந்தில் நெல்ஸன் நகருக்கு அருகே, 1871 ஆகஸ்டு 30-ஆம் தேதி, எளிய குடும்பமொன்றில் பன்னிரண்டு மக்களுள் நான்காமவராக அவர் பிறந்தார். உபகாரச் சம்பளம் பெற்று 1895-இல் கேம்பிரிட்ஜ் சென்று, ஜே. ஜே. தாம்ஸனிடம் ஆராய்ச்சி பயின்றார். 1898-இல் கனடாவிலுள்ள மக்கில் சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியரானார்.

அங்கே அவருடைய சகாவான ஓவன்ஸ் தோரியத்தின் கதிர்வீச்சை அளக்கையில் ஒரு விசித்திரத்தைக் கண்டார். கதவு திறந்து காற்று வீசினால் அளவு மாறியது. மூடினால் பழைய நிலைக்கு வந்தது. இதைக் கருவியின் பிழையென்று தள்ளாமல் ரதர்போர்டு ஆராய்ந்தார். தோரியத்திலிருந்து ஒரு வாயு வெளிப்படுகிறது, அது சுமார் ஒரு நிமிஷத்தில் பாதியாகிறது என்று 1900-இல் தெரிவித்தார். அது தொட்ட பொருள்களின்மேல் கதிர் வீசும் நுண்படிவு தங்குவதையும் கண்டார். அதே ஆண்டில் ஜெர்மானியரான டார்ன், ரேடியத்திலிருந்தும் அத்தகைய வாயு எழுவதைக் கண்டார். அதுவே ரேடான், அது பாதியாக 3.8 நாட்களாகும்.

பின்னர் ரதர்போர்டும் ஸாடியும் ஒரு மூலகம் தானாகவே மற்றொன்றாக மாறுவதை நிலைநாட்டினர். 1908-இல் ரதர்போர்டு ரசாயன நோபல் பரிசு பெற்றார். 1911-இல் அணுவின் கருவை உலகுக்கு அறிவித்தார். 1938 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த இந்திய விஞ்ஞானக் காங்கிரஸின் வெள்ளி விழாவுக்கு அவரே தலைமை வகிக்கவிருந்தார். ஆனால் 1937 அக்டோபர் 19-ஆம் தேதி காலமானார். ஜேம்ஸ் ஜீன்ஸ் அப்பீடத்தை ஏற்றார்.

மண், கல், செங்கல் ஆகிய யாவற்றிலும் சிறிதளவு ரேடியம் உண்டு. நிலக்கரி எரிந்த சாம்பலில் அது செறிந்து நிற்கும். அனல் மின் நிலையங்களின் சாம்பலோ கட்டடப் பொருள்களில் சேர்கிறது. அதனால் ஒரு வீட்டில் ரேடான் மிகுமா என்பதை ஊகத்தால் சொல்லலாகாது. அளந்தே அறிய வேண்டும். ரதர்போர்டு கண்ட அந்நுண்படிவே நுரையீரலில் தங்கிப் புற்றுநோய்க்கு இடந்தருகிறது. ஒரு கன மீட்டர் காற்றில் 100 பெக்கெரலுக்கு, அதாவது வினாடிக்கு 100 அணுச் சிதைவுகளுக்கு, மிகாதிருப்பது நலமென்றும், அது இயலாத இடத்தில் 300-ஐத் தாண்டலாகாதென்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2009-இல் கூறியது.

ஒருநாள் அளவு போதாது. அறைதோறும் படச்சுருள் துண்டுகளை மாதக்கணக்கில் தொங்கவிட்டு, வீட்டார் உள்ளே கழிக்கும் நேரத்தையும் கணக்கிட வேண்டும். மக்கில் ஆராய்ச்சிசாலையின் கதவு காட்டியபடி, பரிகாரம் காற்றோட்டமே. ஆனால் வெளியே புழுதி பறக்கையில் ஏழை எப்படி ஜன்னலைத் திறப்பான்? வடசென்னையின் வெளிக்காற்றைச் சுத்தமாக்குவதே உள்காற்றைச் சுத்தமாக்கும் வழியாகும். இதை அதிகாரிகள் உணர்வார்களாக.