கணினிக்குச் சொல் கற்பித்த ஆசிரியை

இன்று வகுப்பறையில் நிரலாக்கம் பயிலும் மாணவர், உள்ளங்கையில் அடங்கும் மைக்ரோபிட் என்னும் சிறு மின்பலகையைக் கணினியுடன் இணைக்கிறார். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும் என்ற கட்டளையைத் தமக்குப் புரியும் சொற்களில் அமைக்கிறார். சில நொடிகளில் பலகை அதன்படி இயங்குகிறது. உண்மையில் அப்பலகைக்குச் சொல் எதுவும் தெரியாது. அது அறிந்தவை 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களே. மனிதர் எழுதும் சொற்களை இயந்திரத்திற்கான எண்களாக மாற்றும் வேலையை இடையில் ஒரு நிரல் செய்துவிடுகிறது. அப்படியொரு நிரல் இயலாத காரியம் என்று பலரும் எண்ணிய காலத்தில், அதை எழுதி இயக்கிக் காட்டியவர் கிரேஸ் ஹாப்பர்.

அவர் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில், கடிகாரத்தின் மணி எப்படி அடிக்கிறது என்று அறியும் ஆவலில் வீட்டிலிருந்த ஒன்றைக் கழற்றினார். மீண்டும் பூட்டத் தெரியவில்லை. அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள அடுத்ததைக் கழற்றினார். தாயார் கண்டுபிடிப்பதற்குள் ஏழு கடிகாரங்கள் பிரிந்து கிடந்தன. தாயார் ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் அவருக்கென ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்.

வாசர் கல்லூரியில் சேர முதன்முறை முயன்றபோது இலத்தீன் மொழியில் மதிப்பெண் குறைந்ததால் இடம் கிடைக்கவில்லை. மறு ஆண்டு சேர்ந்தார். 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வாசர் கல்லூரியிலேயே கணிதம் கற்பித்த காலத்தில், பாடம் நடத்திய ஒரு சூத்திரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு மாணவிகளைப் பணிப்பார். அதில் மொழிப் பிழைகளையும் திருத்துவார். இது கணித வகுப்பா மொழி வகுப்பா என்று மாணவிகள் முணுமுணுத்தனர். தாம் கண்டதைப் பிறருக்கு விளங்கச் சொல்ல முடியாவிட்டால் கணிதம் கற்றதால் பயன் இல்லை என்பது அவர் கருத்து. பின்னாளில் இயந்திரத்தோடு அவர் நடத்திய போராட்டத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது எனலாம்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஹாப்பர் கடற்படையில் சேர விரும்பினார். அவருக்கு வயது முப்பத்தாறைத் தாண்டியிருந்தது. உடல் எடையும் விதித்த அளவுக்குக் குறைவு. சிறப்பு அனுமதி பெற்றுத்தான் சேர்ந்தார். 1944இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் 1 என்னும் கணினியில் பணியாற்ற அனுப்பப்பட்டார். அது பதினைந்து மீட்டருக்கும் மேல் நீளமானது. ஒரு நொடியில் மூன்று கூட்டல்களைச் செய்யும். கட்டளைகளைத் துளையிட்ட காகித நாடா வழியாகக் கொடுக்க வேண்டும்.

அங்கு ஒரு தொல்லை. அடிக்கடி தேவைப்படும் கணக்குகளுக்கான கட்டளைகளை ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பர். வேண்டும்போது ஒருவர் குறிப்பேட்டைப் பார்த்து மற்றவர் படியெடுப்பார். படியெடுப்பதில் எழுத்து மாறும், எண் மாறும். பழைய கட்டளைகளைப் புதிய நிரலில் சேர்க்கும்போது அவற்றின் இட எண்களைக் கூட்டி மாற்ற வேண்டும். அந்தக் கூட்டலிலும் தவறு நேரும். பெரும் கணித மேதைகளும் இதற்கு விலக்கல்லர்.

1947இல் மார்க் 2 கணினியின் மின்தொடுகையில் ஓர் அந்துப்பூச்சி சிக்கி வேலை நின்றது. பணியாளர்கள் பூச்சியை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தனர். நிரற்பிழையைப் பூச்சி என்று அழைக்கும் வழக்கம் ஹாப்பரால் தோன்றியது எனப் பலர் எழுதுகின்றனர். இது சரியன்று. பொறியாளர்களிடையே அச்சொல் அதற்கு முன்பே வழங்கியது. அக்கதையைச் சுவையாகச் சொல்லிப் பரப்பியவரே ஹாப்பர்.

1949இல் அவர் தனியார் கணினி நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார. அங்கிருந்த கணினிக்கு எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்முறையில் கட்டளை எழுத வேண்டும். அதில் 8, 9 என்ற இலக்கங்கள் இல்லை. ஏழுடன் ஒன்றைக் கூட்டினால் 10 என்று எழுத வேண்டும். ஹாப்பர் அதில் வல்லவரானார். ஆனால், அவருடைய வங்கிக் கணக்கு மட்டும் மாதந்தோறும் உதைத்தது. அவர் தம்பி அமர்ந்து சரிபார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: தமக்கையார் இடையிடையே எட்டின் முறையில் கழித்திருந்தார்! மனிதர் இயந்திரம்போல் எண்ணப் பழகுவதைவிட, இயந்திரம் மனிதர் வழிக்கு வருவதே முறை என்று அவர் கருதினார்.

1952இல் அவர் முதல் தொகுப்பியை இயக்கிக் காட்டினார். ஒவ்வொரு கணக்குக்குரிய கட்டளைத் தொகுதிக்கும் ஓர் அழைப்பெண் தந்து, அவற்றைக் காந்த நாடாவில் சேமித்தார். எண்ணைக் கொடுத்தால் கணினியே உரிய தொகுதியைத் தேடி எடுத்து, இட எண்களையும் மாற்றிக் கோத்துக்கொள்ளும். படியெடுக்கும் வேலையும் கூட்டல் பிழையும் ஒழிந்தன. எனினும், எவரும் அதைத் தொடவில்லை. கணினி கணக்குப் போடும். நிரல் எழுதாது என்றனர்.

ஹாப்பர் அடுத்த படிக்குச் சென்றார். வணிகக் கணக்குகளை எளிய ஆங்கிலச் சொற்களில் எழுதலாம் என்றார். இயந்திரத்திற்கு எம்மொழியும் ஒன்றே என்பதைக் காட்ட, அதே கட்டளைகளைப் பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களிலும் எழுதி இயக்கிக் காட்டினார். மேலாளர்கள் திடுக்கிட்டனர். அமெரிக்காவில் செய்த கணினிக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படித் தெரியும் என்பது அவர்கள் கவலை! அதன்பின் ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்வதாக உறுதி கூறித்தான் பணியைத் தொடர முடிந்தது. அவர் குழு உருவாக்கிய ஃபுளோமேட்டிக் மொழியே, 1959இல் ஒரு குழுவினர் வடிவமைக்கத் தொடங்கிய கோபால் மொழிக்குப் பெரும் அடிப்படையாயிற்று. வங்கிகளும் அரசு அலுவலகங்களும் பல்லாண்டுகள் அம்மொழியில் நிரல் எழுதின.

1966இல் கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. மறு ஆண்டே ஆறு மாதப் பணிக்கெனத் திரும்ப அழைத்தது. அந்த ஆறு மாதம் பத்தொன்பது ஆண்டுகளாக நீண்டது. அவர் அலுவலகச் சுவரில் இருந்த கடிகாரத்தின் முட்கள் இடமிருந்து வலமாக ஓடாமல் எதிர்த்திசையில் ஓடின. வழக்கம் என்பதற்காகவே ஒன்றைப் பின்பற்ற வேண்டியதில்லை என்று வருவோர் உணர அதை மாட்டியிருந்தார்.

பதவி உயர்ந்தபோதும் அவர் கற்பிப்பதை விடவில்லை. சொற்பொழிவுகளுக்குச் செல்லும்போது ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கட்டாக எடுத்துச் செல்வார். நூறு கோடியில் ஒரு பங்கு நொடியில் மின்குறிகை அதிக அளவாகச் செல்லக்கூடிய தொலைவு அது. ஒவ்வொருவர் கையிலும் ஒன்றைக் கொடுப்பார். அடுத்து, ஏறத்தாழ 300 மீட்டர் கம்பிச் சுருளைத் தூக்கிக் காட்டுவார். அது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நொடி. செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் செய்தி ஏன் தாமதமாகிறது என்று கேட்ட படைத்தலைவர்களுக்கும் அக்கம்பியையே காட்டி விளக்கினார்.

1986ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள், ரியர் அட்மிரல் பதவியில் இருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 79. பின்னரும் ஒரு கணினி நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்து உரையாற்றி வந்தார். 1992ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் காலமானார். அவர் வழங்கிய கம்பித் துண்டுகளின் கட்டு ஒன்று வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.