எட்வேர்ட் லியர் (1812 – 1888)

ஆங்கிலத்தில் 'லிமரிக்' எனும் ஐந்தடி வேடிக்கைப் பாடலைப் புகழ்பெறச் செய்தவர் எட்வேர்ட் லியர். இவர் 1812 மே 12 இல் இலண்டனில், பிள்ளைகள் பலருள்ள குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் பணநெருக்கடிக்கு உள்ளானார். மூத்த தமக்கை ஆன் என்பவரே இவரைத் தாய்போல் வளர்த்தார். சிறுவயதிலேயே வலிப்பு நோய் பீடித்தது. அந்நோயை இழிவாகக் கருதிய காலமாதலால், வாழ்நாள் முழுவதும் அதனைப் பிறரறியாது மறைத்தார்.

பதினைந்து, பதினாறு வயதில் ஓவியம் வரைந்து உழைக்கத் தொடங்கினார். உயிருள்ள கிளிகளைப் பார்த்து வரைந்த இவரது நூல் 1832 இல் நிறைவுற்றது. பின்னர் டார்பி பிரபுவின் நோஸ்லி மாளிகையில் விலங்குகளை வரைந்தார். அங்கிருந்த சிறுவர்களை மகிழ்விக்க எழுதிய பாடல்கள், இவரே வரைந்த படங்களுடன் 1846 இல் புனைபெயரில் நூலாக வெளிவந்தன. அதே ஆண்டில் விக்டோரியா மகாராணிக்கும் ஓவியம் கற்பித்தார்.

லிமரிக்கில் 1, 2, 5 ஆம் அடிகள் ஓரியைபிலும், குறுகிய 3, 4 ஆம் அடிகள் வேறோரியைபிலும் முடியும். பொருள் விசித்திரமாயினும் அமைப்புக் கட்டுக்கோப்பானது. ஊராரின் ஏளனத்துக்கு ஆளாகும் விசித்திர மனிதர் பலர் லியரின் பாடல்களில் வருகின்றனர். தம் நோயை மறைத்து வாழ்ந்தவர் அவர்களைப் படைத்தார் என்பதை மாணவர்கள் மனங்கொள்க.

1874 இல் இலங்கைக்கும் வந்து சென்ற லியர், 1888 ஜனவரி 29 இல் இத்தாலியின் சன் ரெமோ நகரில் காலமானார். லிமரிக் வடிவத்தை ஈழத்துக் கவிஞர் மஹாகவி 'குறும்பா' எனத் தமிழாக்கிக்கொண்டார். அவரது 'குறும்பா' நூலும் 1966 இல் படங்களுடனேயே வெளிவந்தது.