ஹோஸ் குழாயில் கச்சேரி வைத்த மனிதர்

இந்தத் தடவை நான் எழுதப் போவது விஞ்ஞானி பற்றியோ தலைவர் பற்றியோ இல்லை. 34 வயதில் இறந்து போன ஒரு குண்டு மனிதரைப் பற்றி. பெயர் ஜெரார்ட் ஹாஃப்னுங். ஜெர்மன் மொழியில் ஹாஃப்னுங் என்றால் நம்பிக்கை என்று அர்த்தமாம். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பிறந்தது 1925 மார்ச் 22, பெர்லின் நகரத்தில். யூதக் குடும்பம். இவருக்கு ஏழு வயது இருக்கும்போது ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். அதற்கு மேல் நான் சொல்லவே வேண்டாம், வரலாறு பாடத்தில் படித்திருக்கிறோம். 1938-ல் ஊரை விட்டு இத்தாலிக்கு, அங்கிருந்து 1939-ல் லண்டனுக்கு. நம்ம வயசுப் பையன். பள்ளிக்கூடம், பாஷை, ஊர் எல்லாம் ஒரே வருஷத்தில் மாறிப் போச்சு. அப்பா பாலஸ்தீனம் போனார், இவரும் அம்மாவும் லண்டனில் தங்கினார்கள். இப்படிப்பட்ட ஒருத்தர் வளர்ந்து சோகப் படம் வரைந்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். இவர் வரைந்ததெல்லாம் சிரிப்புப் படம்.

ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். வகுப்பில் அடக்கமாக இல்லை என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். (கடைசி பெஞ்ச் நண்பர்கள் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம், அவர் இன்னொரு கல்லூரியில் சேர்ந்து படித்தார்!) பிறகு அவரே சில காலம் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்தார். பத்திரிகைகளுக்குக் கார்ட்டூன் போட்டார். அதிகமாக வரைந்தது இசைக் கலைஞர்களைத்தான். அவரே டியூபா வாசிப்பார். அது யானைத் தும்பிக்கையைச் சுருட்டி மடியில் வைத்த மாதிரி ஒரு பெரிய பித்தளை வாத்தியம். 1953-ல் வந்த அவருடைய இசைக் கார்ட்டூன் புத்தகம் முழுக்க ஒரு ஆர்கெஸ்ட்ரா கண்டக்டரின் சேஷ்டைகள்தான். குச்சியை ஆட்டி இசைக்குழுவை நடத்துபவருக்கும் கண்டக்டர் என்றுதான் பெயர், விசில் மட்டும் கிடையாது.

காகிதத்தில் வரைந்த கலாட்டாவை மேடையிலேயே செய்து காட்டினால் என்ன? 1956 நவம்பர் 13 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் அதைத்தான் செய்தார். பெரிய பெரிய சங்கீதக் கச்சேரி நடக்கிற இடம் அது. அங்கே ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவை உட்கார வைத்து, சபை முழுவதையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தார்.

முதலில் மால்கம் ஆர்னால்ட் என்பவரின் இசை. (பின்னால் குவாய் நதிப் பாலம் படத்துக்கு இசையமைத்து ஆஸ்கர் வாங்கினாரே, அவரேதான்.) இதில் வாத்தியங்களோடு சேர்ந்து மூன்று வாக்குவம் கிளீனர், தரையைப் பாலிஷ் போடும் மிஷின் ஒன்று, நான்கு துப்பாக்கி! மிஷின்கள் உர்ர்ர் என்று கத்த, ஆர்கெஸ்ட்ரா அதற்கு மேல் கம்பீரமாக வாசிக்கும். கடைசியில் துப்பாக்கிக்காரர்கள் மிஷின் வாசித்தவர்களைச் சுட்டுத் தள்ளுவது போல் முடியும். இதை அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஹூவருக்குச் சமர்ப்பணம் செய்திருந்தார்கள். ஏன் தெரியுமா? ஹூவர் என்பது வாக்குவம் கிளீனர் கம்பெனி பெயரும் கூட!

அடுத்து பியானோ. பியானோ வாசிக்கிற அம்மா க்ரீக் எழுதிய இசை என்று நினைத்துக்கொண்டு வருகிறார். ஆர்கெஸ்ட்ராவோ சைகோவ்ஸ்கியின் இசையை ஆரம்பித்துவிடுகிறது. ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு ரேடியோவில் ரெண்டு ஸ்டேஷன் வைத்த மாதிரி சண்டை. இதை எழுதிய ஃப்ரான்ஸ் ரைசன்ஸ்டைனும் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர்தான். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு நின்று விட்டது. விரட்டப்பட்ட ரெண்டு பேர் சேர்ந்து ஊரையே சிரிக்க வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது டென்னிஸ் பிரெய்ன். அந்தக் காலத்தில் கொம்பு வாத்தியமான ஹார்ன் வாசிப்பதில் அவர்தான் பெரிய ஆள். அவர் மேடைக்கு வந்து, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸ் குழாயை எடுத்து, மொசார்ட்டின் அப்பா லியோபோல்ட் எழுதிய இசையை அதில் ஊதினார். இது ஏமாற்று இல்லை, அறிவியல்! ஹார்னில் சத்தம் வருவது பித்தளையால் இல்லை. உதடு துடிக்கும்போது குழாய்க்குள் இருக்கிற காற்றும் சேர்ந்து துடிக்கிறது. சுருளைப் பிரித்து நீட்டினால் ஹார்னே சுமார் 12 அடிக் குழாய்தான். நீளம் சரியாக இருந்து, உதடு பழகியிருந்தால் ரப்பர் குழாயும் பாடும். நானும் எங்க வீட்டுக் குழாயில் முயற்சி செய்தேன். பாம்ம்ம் என்று ஒரே ஒரு சத்தம், வாயெல்லாம் தண்ணி. அப்போதுதான் புரிந்தது, சிரிக்க வைக்கிறதுக்கு முதலில் ஒழுங்காக வாசிக்கத் தெரிந்திருக்கணும். பாவம், பிரெய்ன் அடுத்த வருஷமே 1957 செப்டம்பரில் கார் விபத்தில் இறந்துவிட்டார். வயது 36.

1958-ல் ஹாஃப்னுங் இரண்டாவது விழா நடத்தினார். அதே டிசம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் சங்கத்தில் ஒரு கொத்தனாரின் லீவ் லெட்டரைப் படித்துக் காட்டினார். பழைய ஜோக்தான், ஆனால் அவர் நிறுத்தி நிறுத்திப் படித்த விதம்! மாடியில் மீந்த செங்கல்லைப் பீப்பாயில் நிரப்பி, கீழே வந்து கயிற்றை அவிழ்க்கிறார் கொத்தனார். பீப்பாய் ஆளைவிட கனம். அது கீழே, இவர் மேலே. வழியில் ஒரு இடி. மேலே போய் கப்பியில் விரல் மாட்டுகிறது. கீழே பீப்பாயின் அடி உடைந்து செங்கல் கொட்டுகிறது. இப்போது இவர் கனம்! இவர் கீழே, பீப்பாய் மேலே, மறுபடி இடி. செங்கல் குவியலில் விழுந்த குழப்பத்தில் கயிற்றை விட்டுவிடுகிறார். அப்புறம் என்ன, பீப்பாய் தலை மேல்! கப்பி பாடத்தை இப்படி நடத்தினால் யார்தான் மறப்பார்கள்?

மேடைக்கு வெளியே அவர் வேறு மாதிரி. குவேக்கர் என்ற சமாதானம் விரும்பும் கிறிஸ்தவர்களோடு சேர்ந்திருந்தார். பென்டன்வில் சிறைக்குப் போய்க் கைதிகளோடு பேசிக்கொண்டிருப்பார். அணுகுண்டு வேண்டாம் என்ற பக்கம் நின்றார். இதெல்லாம் கைதட்டல் கிடைக்காத வேலை.

1959 செப்டம்பர் 28 அன்று மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தார். ரெண்டு சின்னக் குழந்தைகள். ஆனாலும் 1961-ல் அதே ஹாலில் அவர் பெயரில் மறுபடி விழா நடந்தது. மனைவி அன்னெட்டா 1988-ல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

2009-ல் லண்டன் ப்ராம்ஸ் இசை விழாவின் கடைசி நாளில் வாக்குவம் கிளீனர் இசையை மறுபடி வாசித்தார்கள். தரை பாலிஷ் மிஷினை வாசித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? டிவியில் மிருகங்களைக் காட்டுவாரே, டேவிட் அட்டன்பரோ! அன்று அவருக்கு வயது 83. ஹாஃப்னுங்கைவிட ஒரே ஒரு வயதுதான் சின்னவர்.

— ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு