துறைமுகத்துக் குமாஸ்தா எழுதிய கடிதங்கள்

சென்னைத் துறைமுகம்.

1912-ம் ஆண்டு மார்ச் மாதம் 1-ந் தேதி.

கடற்கரையை ஒட்டிய துறைமுக அலுவலகத்தில் ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். வயது 24. தலையில் குடுமி. நெற்றியில் நாமம். கணக்குப் பிரிவில் குமாஸ்தா உத்தியோகம். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

அந்த இளைஞர் யார் தெரியுமா?

பிற்காலத்தில் உலகமே வியந்து பாராட்டிய கணித மேதை சீனிவாச ராமானுஜன்தான் அவர்!

துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கப்பலில் இருந்து எந்த மூட்டை இறங்கினாலும் அதை எழுதி வைப்பார்கள். யார் அனுப்பியது, யாருக்கு வந்தது, எப்போது வந்தது என்று தாளில் இருக்க வேண்டும். தாள் தொலைந்தால் சரக்குக்கு உரிமை கேட்பது கஷ்டம்.

ராமானுஜனின் வாழ்க்கையும் அப்படித்தான். அவருடைய அறிவு கடல் கடந்து போனது கடிதங்களால். அந்தக் கதை இன்று நமக்குத் தெரிவதும், சிலர் அந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்ததால்தான்.

வேலை தேடி அலைந்தார்

ராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை ஜவுளிக் கடையில் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள்.

பையன் கணக்கில் புலி. ஆனால் மற்றப் பாடங்களில் மனம் செல்லவில்லை. எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. பட்டம் இல்லை. 1909-ம் ஆண்டில் ஜானகியை மணந்தார். குடும்பம் நடத்தப் பணம் வேண்டுமே!

தன் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு பெரிய மனிதர்களைப் பார்க்கப் போனார்.

திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி.ராமசாமி அய்யர். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். நோட்டைப் புரட்டினார். பிரமித்துப் போனார். சென்னையில் உள்ள நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

ஒரு கடிதம் இன்னொருவரிடம் கொண்டுபோய் விட்டது. கடைசியில் நெல்லூர் கலெக்டர் ஆர்.ராமச்சந்திர ராவைப் பார்த்தார். ராவ், மாதம் 25 ரூபாய் தன் கைப்பணத்தில் இருந்து கொடுத்தார்.

பிறர் பணத்தில் எத்தனை நாள் இருப்பது? ராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. 1912-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி, துறைமுகத்தின் தலைமைக் கணக்கருக்கு ஒரு மனு எழுதினார். மெட்ரிகுலேஷன் தேறியதை எழுதினார். எப்.ஏ. வரை படித்து, மேலே படிக்க முடியாமல் போனதையும் மறைக்காமல் எழுதினார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினார்.

வேலை கிடைத்தது!

சிலேட்டும் முழங்கையும்

துறைமுகத்தில் ராமானுஜனுக்கு இரண்டு நல்லவர்கள் வாய்த்தார்கள்.

ஒருவர் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அவர் பெரிய என்ஜினீயர். மற்றவர் அவருக்கு அடுத்தபடி இருந்த எஸ்.நாராயண அய்யர். இவர் கணிதம் படித்தவர்.

மாலை வந்தால் நாராயண அய்யரும் ராமானுஜனும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். இரவு வெகுநேரம் கணக்குப் போடுவார்கள்.

காகிதம் வாங்க ராமானுஜனிடம் காசு இல்லை. அதனால் சிலேட்டில் போடுவார். துணி எடுத்துத் துடைக்கவும் பொறுமை இருக்காது. முழங்கையாலேயே அழித்துவிடுவார். விடை வந்ததும் அதை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார்.

வந்த வழி அழிந்துபோகும். விடை மட்டும் நிற்கும்.

நாராயண அய்யருக்கு இது கவலையாக இருந்தது. நடுவில் உள்ள படிகளையும் எழுது, அப்போதுதான் எங்களைப் போன்றவர்களுக்குப் புரியும் என்று ராமானுஜனை வற்புறுத்தினார்.

சீமைக்குப் போன கடிதம்

இங்கிலாந்தில் இருந்த பேராசிரியர்கள் இருவருக்கு ராமானுஜன் கடிதம் எழுதினார். உதவி கிடைக்கவில்லை.

அவர் சோர்ந்துவிடவில்லை. 1913-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி மூன்றாவது பேராசிரியருக்கு எழுதினார். அவர்தான் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி. தான் துறைமுகத்தில் குமாஸ்தா என்பதையும், ஆண்டுக்கு 20 பவுன்தான் சம்பளம் என்பதையும் அதில் தெரிவித்தார். தான் கண்டுபிடித்த கணக்குகளைப் பல பக்கங்களில் எழுதி இணைத்தார்.

ஹார்டி அசந்துபோனார். பிப்ரவரி 8-ந் தேதி பதில் எழுதினார்.

அதே மாதம் 25-ந் தேதி கில்பர்ட் வாக்கர் என்ற பெரிய அதிகாரி துறைமுகத்துக்கு வந்தார். வானிலை இலாகாவின் தலைவர் அவர். கணிதத்திலும் வல்லவர். ஸ்பிரிங் துரை விடுவாரா? ராமானுஜனின் நோட்டை எடுத்து அவரிடம் காட்டினார்.

வாக்கர் மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சிபாரிசு எழுதினார். பட்டம் இல்லாத குமாஸ்தாவுக்கு, மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு! மே 1-ந் தேதியில் இருந்து ராமானுஜனுக்குக் கணக்குதான் வேலை. துறைமுகம் அவருக்கு விடுப்புக் கொடுத்தது.

மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை

ஆனால் ஒரு நிபந்தனை. என்ன செய்தார் என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

சிலேட்டில் போட்டு அழித்தவர் தாளில் எழுத உட்கார்ந்தார். 1913-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி முதல் அறிக்கை. நவம்பர் 7-ந் தேதி இரண்டாவது. 1914-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி மூன்றாவது.

பணம் கொடுத்தவர்களுக்கு அவர் கணக்குச் சொன்னார். எப்படிப்பட்ட கணக்கு! இன்று உலகமெங்கும் ராமானுஜனின் தலைமைத் தேற்றம் என்று படிக்கிறார்களே, அது இந்த அறிக்கைகளில் இருந்ததுதான்.

இதற்கிடையில் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் வரவேண்டும் என்று ஹார்டி விரும்பினார். செலவுக்கு எங்கே போவது? ஸ்பிரிங் துரை மறுபடி பேனாவை எடுத்தார். 1914-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி, கவர்னர் பென்ட்லண்டு பிரபுவின் காரியதரிசிக்கு எழுதினார். தன் அலுவலகக் குமாஸ்தாவுக்காகத் துறைமுகத் தலைவரே மன்றாடினார்.

ஆண்டுக்கு 250 பவுன் உதவி கிடைத்தது. மூன்றாவது அறிக்கையைக் கொடுத்த எட்டாம் நாள், மார்ச் 17-ந் தேதி, ராமானுஜன் கப்பல் ஏறினார்.

ஏழைப் பிள்ளைகளுக்குப் பங்கு

இங்கிலாந்தில் புகழ் வந்தது. 1918-ம் ஆண்டில் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினர் ஆக்கியது. ஆனால் உடல் நலம் கெட்டது.

சென்னைப் பல்கலைக்கழகம் மேலும் ஆண்டுக்கு 250 பவுன் தருவதாக அறிவித்தது. 1919-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி ராமானுஜன் பல்கலைக்கழகப் பதிவாளருக்குப் பதில் எழுதினார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுங்கள். என் அவசியச் செலவு போக மிஞ்சுவதை, ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகள் ஆகியோரின் பள்ளிச் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் கொடுங்கள் என்பது அந்தக் கடிதத்தின் சாரம்.

நோயில் வாடிய மனிதர் எழுதிய கடிதம் இது!

அந்த ஆண்டே ஊர் திரும்பினார். 1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

தொலைந்ததும் கிடைத்ததும்

அந்த மூன்று அறிக்கைகள் என்ன ஆயின?

தொலைந்துவிட்டன!

நல்ல வேளை. தொலையும் முன்பே, 1925-ம் ஆண்டில், அவற்றைப் பார்த்து ஒருவர் கையால் நகல் எழுதியிருந்தார். அந்த நகல் இல்லாவிட்டால் ராமானுஜன் அதில் என்ன எழுதினார் என்றே தெரியாமல் போயிருக்கும்.

அவர் கடைசி ஆண்டில் எழுதிய தாள்களின் கதையும் அப்படித்தான். கேம்பிரிட்ஜில் ஒரு நூலகத்தில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. 1976-ம் ஆண்டில்தான் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் அவற்றைக் கண்டார்.

கடிதங்களை யார் சேர்த்தார்கள்? துறைமுகத்துக்கு அருகில் உள்ள முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பி.கே.சீனிவாசன் என்று ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். ராமானுஜனை அறிந்தவர்களைத் தேடிப் போனார். கடிதங்களையும் நினைவுகளையும் திரட்டினார். 1968-ம் ஆண்டில் அந்தப் பள்ளியே அவற்றை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. பின்னர், 1993-ம் ஆண்டில், அவர் முயற்சியால் ராயபுரத்தில் ராமானுஜனுக்கு ஓர் அருங்காட்சியகமும் உருவானது.

ராமானுஜன் மூட்டைக் கணக்கு எழுதிய துறைமுகத்தில் இருந்து ராயபுரம் கூப்பிடு தூரம்தான்.

நம் வீடுகளிலும் தாள்கள் உண்டு. பிள்ளையின் உதவிச் சம்பளத்துக்குப் போட்ட மனு, அதற்கு வந்த பதில், வாத்தியார் கொடுத்த சிபாரிசுக் கடிதம். எதை அனுப்பினாலும் ஒரு நகல் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். உதவியவருக்கு, அந்த உதவியால் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.

மேதைக்கே அது தேவைப்பட்டது. நமக்குத் தேவைப்படாதா?