மேய்ப்பர் எமிலியன் கோவ்ச்

பங்கு ஏட்டில் பெயர் உள்ளவர்கள் மட்டும்தான் ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பா? அருளாளர் எமிலியன் கோவ்ச்சின் வாழ்வு இந்தக் கேள்வியை நம்முன் வைக்கிறது.

1884-ஆம் ஆண்டு, இன்றைய உக்ரைனின் மேற்குப் பகுதியிலுள்ள கோஸ்மாச் என்னும் ஊரில் இவர் பிறந்தார். உரோமையில் இறையியல் பயின்று, 1911-இல் குருவாக அருள்பொழிவு பெற்றார். கிரேக்கக் கத்தோலிக்க மரபில் மணமானவர்களும் குருவாகலாம் என்பதால், இவர் ஆறு பிள்ளைகளின் தந்தையுமாவார். 1920-களின் தொடக்கத்தில் பெரமிஷ்லியானி என்னும் சிற்றூரின் பங்குத்தந்தையானார். உக்ரேனியர், போலந்து நாட்டினர், யூதர் என மூன்று இனத்தவரும் அங்கு சேர்ந்து வாழ்ந்தனர்.

1939-இல் சோவியத் படைகள் நுழைந்தபோது, போலந்துக்காரரின் வீடுகளைச் சூறையாடிய தம் பங்கு மக்களையே இவர் கடிந்துகொண்டார். 1941-இல் ஜெர்மானியர் வந்தனர். யூதர்களைத் தொழுகைக்கூடத்தில் அடைத்துத் தீ வைத்தனர். செய்தி கேட்டதும் தந்தை அங்கு ஓடினார். படைவீரர்களை ஜெர்மன் மொழியில் அதட்டி விலகச் செய்து, எரியும் கட்டடத்திலிருந்து மக்களை வெளியே இழுத்தார். அவ்வாண்டு நவம்பரில் நூற்றுக்கணக்கான யூத ஆண்கள் அருகிலிருந்த காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

உயிர் பிழைக்க வழிதேடி யூதர் பலர் திருமுழுக்குக் கேட்டு வந்தனர். ஜெர்மானியர் தடை விதித்திருந்தும் இவர் அறுநூறுக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்துச் சான்றிதழ் வழங்கினார் என்பர். இரத்தத்தைப் பார்த்தே கொன்றவர்கள் முன் அந்தத் தாள் எல்லாரையும் காப்பாற்றவில்லை. இருப்பினும் கதவைத் தட்டியவர்களை அவர் திருப்பி அனுப்பவில்லை.

1942 டிசம்பரில் கெஸ்டபோ இவரைக் கைது செய்தது. இனித் திருமுழுக்கு அளிப்பதில்லை என்று எழுதிக் கொடுக்க மறுத்தார். 1943 ஆகஸ்டில் மைதானெக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். விடுதலைக்கு முயன்ற குடும்பத்தாரிடம், முயல வேண்டாம் எனக் கடிதத்தில் கேட்டுக்கொண்டார். சாவை எதிர்நோக்கியிருந்த அந்த மனிதர்களுக்கு அங்கே ஒரு குரு தேவை என்பது அவர் கண்ட உண்மை. மறைவாகத் திருப்பலி நிறைவேற்றி, ஒப்புரவு அளித்து, பல இனத்தவருக்கும் துணைநின்று, 1944 மார்ச் 25-ஆம் நாள் அங்கேயே இறந்தார். 2001-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இவரை அருளாளராக உயர்த்தினார்.

குருக்களாகிய நாமும் இறைமக்களும் நம்மையே கேட்டுப் பார்ப்போம். அடுத்த தெருவில் நம் மறையைச் சாராத ஒருவர் தாக்கப்படும்போது, நம் வீட்டுக் கதவு திறக்கிறதா, தாழிடப்படுகிறதா? தவறு செய்வது நம் மக்களே என்றால், அதைச் சொல்லும் துணிவு நமக்கு உண்டா?

அருளாளர் எமிலியனே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.